கையுறையும் கைம்மாறும்

புதிதாய் ஓரூரிற் குடிபுகுவார்க்கு முதற்கண் வேண்டுவது யாது? வீடு என்பார் சிலர். வேலை என்பார் சிலர். அவ்விரண்டும் அமைந்த பின்னரும் அண்டை வீட்டாரின் நல்லெண்ணம் அமையாதாயின், அவ்வூர் அவர்க்கு என்றும் அயலூரேயாம். அந்நல்லெண்ணத்தைப் பெறுதற்கு மக்கள் மேற்கொண்ட வழிகளுள் மிகத் தொன்மையானது, ஏதேனும் ஒரு பொருளை எடுத்துச் சென்று அளித்தலாகும். ஒருவரைக் காணச் செல்வார் கொண்டு செல்லும் பொருளைப் பண்டைத் தமிழர் 'கையுறை' என்றனர். இந்நாளில் அச்சொல் கையில் அணியும் உறையையே குறிப்பினும், பழம்பொருளிலேயே ஈண்டு அதனை வழங்குவோம். ஜப்பானியரிடையே குடியேறுவார் கையுறை அளிக்கும் முறையினையும், அதற்கு வரும் கைம்மாற்றின் இயல்பினையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பொருளை யாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்று உண்டு. எம் தமக்கையார் அம்பத்தூரிற் பிறந்து வளர்ந்தவர். கணினிப் பொறியாளர் ஒருவரை மணந்து, டோக்கியோ மாநகரின் கீழ்பால் உள்ள நிஷி-கசாய் என்னும் இடத்திற் குடியேறினார். எடொகாவா வட்டத்தைச் சேர்ந்த அப்பகுதியில், 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலந்தொட்டு இந்தியப் பொறியாளர் குடும்பங்கள் பெருகின. ஆயினும் தமக்கையார் குடிபுகுந்த தளத்தில் இருந்தோர் அனைவரும் ஜப்பானியரே. அடுத்த வீட்டில் முதிய கணவனும் மனைவியும் வாழ்ந்தனர். சென்ற மறுநாளே தமக்கையார் ஒரு வெள்ளித் தட்டினையும் காஞ்சிப் பட்டுத் துணி ஒன்றினையும் அம்மூதாட்டியார்க்கு அளித்தார். அவர் முகத்தில் மகிழ்ச்சியினும் கலக்கமே மிகுந்து தோன்றிற்று. நான்காம் நாள் மூதாட்டியார் விலையுயர்ந்த முலாம்பழங்களைப் பெட்டியிலிட்டுக் கொணர்ந்தார். நட்பு வேரூன்றியது என்றெண்ணிய தமக்கையார் மீண்டும் ஒரு பெரும் பரிசு அளித்தார். அதற்கும் விரைவில் ஈடு வந்தது. அதன்பின் மூதாட்டியார், மின்தூக்கியின் அருகே எதிர்ப்பட்டாலும், தலை தாழ்த்தி வணங்கி விரைந்து அகல்வாராயினர். "அவர் மனம் நோக யான் செய்த பிழை என்னம்மா?" என்று தமக்கையார் எம் அன்னையாரிடம் தொலைபேசியிற் சொல்லி அழுதார்.

பிழை யாதென்று அறிய அந்நாட்டு வழக்கத்தை அறிதல் வேண்டும். ஜப்பானில் குடிபுகுவார் தம் அண்டை வீட்டாரைத் தாமே சென்று கண்டு வணங்குவர். 'எதிரில் மூன்று வீடு, இருபுறமும் ஒவ்வொரு வீடு' என்பது அவர்தம் பழைய கணக்கு. அடுக்குமாடியில் வாழ்வோர் மேல்வீட்டையும் கீழ்வீட்டையும் சேர்த்துக்கொள்வர். எடோ காலத்தில் இவ்வமயம் 'சோபா' என்னும் மாவிழை உணவினை வழங்கினர். அம்மொழியில் அச்சொல்லுக்கு 'அருகு' என்னும் பொருளும் உண்மையின், 'உம் அருகே வந்துளோம்' என்னும் குறிப்பு அதனுள் அடங்கிற்று. இந்நாளில் ஒரு துவாலையோ, ஒரு சிறு தின்பண்டப் பெட்டியோ, துணி வெளுக்கும் சவர்க்காரமோ அளிப்பர். அதன் விலை பெரும்பாலும் 500 யென் முதல் 1,000 யென் வரையில் அடங்கும். மேலே சுற்றிய தாளிற் செந்நிறமும் வெண்ணிறமும் கொண்ட இழைமுடிச்சு ஒன்று காணப்படும். அது அவிழ்த்து மீண்டும் முடியத்தக்க முடிச்சு. மீண்டும் மீண்டும் வரத்தக்க நன்மைகளுக்கு அதனை இடுவர். திருமணம் போன்று ஒருமுறையே நிகழ வேண்டுவனவற்றிற்கு அவிழாத முடிச்சு உண்டு. முடிச்சின் கீழே கொடுப்பவர் பெயர் எழுதப்படும். பெயரை அறிவித்தலே அச்சிறு பொருளின் பெரும்பணி. பெருநகரங்களில் தனித்து வாழும் இளைஞர் பலர் இவ்வழக்கத்தைக் கைவிட்டனர் என்பதும் உண்மையே.

இரு கைகளாலும் கொடுத்தலும் இரு கைகளாலும் பெறுதலும் அவர்க்கு முறை. 'இஃது அற்பப் பொருளே' என்று தாழ்த்திச் சொல்லுதல் பழைய மரபு. 'ஏதோ எங்களால் இயன்றது' என்று நம்மவர் கூறுவதனோடு அஃது ஒக்கும். கொடுத்தவர் எதிரே உறையைப் பிரித்தல் மரபன்று. நான்கு என்னும் எண்ணின் ஒலி சாவைக் குறிக்கும் சொல்லின் ஒலியோடு ஒத்தலின், நான்கு பொருள்களாகக் கொடுத்தல் ஆகாது.

இனிக் கைம்மாற்றைக் காண்போம். மகப்பேறு, நோய், இறப்பு முதலிய காலங்களிற் பெற்ற பொருளுக்கு ஜப்பானியர் 'ஒகாஏஷி' என்னும் மறுபரிசு அளிப்பர். பெற்றதன் மதிப்பிற் பாதி, அல்லது மூன்றில் ஒரு பங்கு என்பது அதன் அளவு. குடிபுகுவார் தரும் சிறு பொருளுக்கோ மறுபரிசு வேண்டுவதில்லை. அது வேண்டாதபடி சிறியதாய் இருத்தலே அதன் சிறப்பு. வெள்ளித் தட்டு இவ்வளவையெல்லாம் கடந்தது. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்க்கு அது தலைமேல் ஏற்றிய சுமையாயிற்று. மறுபடியும் பரிசு வரவே, சுமை இரட்டித்தது. அவர் ஒதுங்கினது வெறுப்பினால் அன்று. ஈடு செய்ய இயலாத நாணத்தினாலேயாம். இதனைத் தமக்கையின் கணவரோடு பணிபுரியும் ஜப்பானியர் ஒருவர் எடுத்துரைத்தார்.

கொடுத்ததற்கு ஈடு நோக்குதல் அன்பிற்கு இழுக்கன்றோ எனச் சிலர் வினவலாம். மழை உலகத்தாரிடம் கைம்மாறு எதிர்பாராமையை ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே வள்ளுவர் காட்டினர் அன்றோ? ஆம், அது கொடுப்பவர்க்கு உரைத்த அறம். பெறுபவர்க்கோ செய்ந்நன்றியறிதல் என்று தனியே ஓர் அதிகாரம் வகுத்தனர். கொடுப்பவர் எதிர்பாராமையும், பெற்றவர் மறவாமையும் கூடியவழியே உறவு நிலைபெறும். பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925-இல் வெளிவந்த தம் ஆராய்ச்சியில், கொடுத்தல், ஏற்றல், திருப்பி அளித்தல் என்னும் மூன்று கடப்பாடுகளும் பல நாட்டு மக்களிடையே காணப்படுதலை விளக்கினார்.

நம் நாட்டு மொய் இதற்குத் தக்க சான்று. திருமண வீட்டில் ஒருவர் ஏட்டுடன் அமர்ந்து, இன்னார் இவ்வளவு எழுதினார் என்று குறித்துக்கொள்வர். அவர் வீட்டு விழாவில் அத்தொகையைச் சற்றுக் கூட்டித் திருப்புதல் வழக்கம். புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களின் சில ஊர்களில் ஆடித் திங்களில் மொய் விருந்து என்றே தனியாக நடைபெறுகின்றது. தொழில் தொடங்கவும் கல்விச் செலவிற்கும் அது கைகொடுக்கும். கூட்டித் திருப்ப இயலாதார்க்கு அதுவே கடனுமாகும். இரண்டையும் ஒப்பிட்டு நோக்குக: மொய் திரும்புந்தோறும் வளரும், ஜப்பானியரது மறுபரிசு பாதியாய்க் குறைந்து இருவரையும் ஓய்வுறச் செய்யும்.

இவ்விரண்டிற்கும் புறம்பாய் ஏட்டிலேறாத வழக்கம் ஒன்று நம்மிடையே உண்டு. அம்பத்தூரில் எம் வீட்டிலிருந்து கிறிஸ்து பிறப்பு நாளில் பலகாரத் தட்டுகள் அண்டை வீடுகளுக்குச் செல்லும். தீபாவளியில் அவர்கள் வீட்டுத் தட்டுகள் வரும். ரமலான் பெருநாளில் எதிர்வீட்டிலிருந்து பிரியாணி வரும். இடையில் குழம்பு சென்ற கிண்ணம் வெறுங்கிண்ணமாய்த் திரும்புவதில்லை. ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையோ, இரண்டு கரண்டி சர்க்கரையோ அதில் இருக்கும். எவரும் அதற்கு விலை மதிப்பதில்லை. மதிக்கத்தக்க விலையும் அதற்கு இல்லை. "உன் வெள்ளித் தட்டை மறந்துவிடு, மகளே, கிண்ணத்தை நினைத்துக்கொள்" என்று அன்னையார் தமக்கையார்க்குச் சொன்னார்.

சில திங்கள் கழித்துத் தமக்கையார் தம் கையாற் சுட்ட முறுக்கு ஐந்தினை ஒரு சிறு டப்பாவில் இட்டு எடுத்துச் சென்றார். மூதாட்டியார் தயங்கித் திறந்த கதவு அன்று விரைவில் மூடவில்லை. அடுத்த வாரம் அந்த டப்பா சீமைப் பனிச்சம்பழம் மூன்றுடன் திரும்பி வந்தது. அன்றுதொட்டு அது இரு வீட்டிற்கும் இடையே போய்வந்து கொண்டிருக்கின்றது.

இது கடல் கடந்து செல்வார்க்கு மட்டும் உரிய செய்தியன்று. பூந்தமல்லியைக் கடந்து பெருஞ்சாலை வழியே மேற்கே சென்றால் ஸ்ரீபெரும்புதூரும், அதற்குத் தெற்கே ஒரகடமும் உள்ளன. 2010-இல் நிசான் ரெனோ தொழிற்சாலை ஒரகடத்தில் திறக்கப்பெற்றது. வேறு ஜப்பானிய நிறுவனங்களும் அவ்வட்டாரத்தில் உள்ளன. அவற்றின்பொருட்டு இங்கு வந்து வாழும் ஒரு குடும்பத்தார் நம் வாயிலில் நின்று, தாளிற் சுற்றிய ஒரு துவாலையை இரு கைகளாலும் நீட்டுவாராயின், 'இவ்வளவுதானா?' என்று எண்ணாதிருப்போமாக. விருந்தோம்பல் என்னும் பெயரால் பட்டும் வெள்ளியும் குவித்து அவரைத் திகைக்கச் செய்யாதும் இருப்போமாக. அன்று வீட்டில் வடித்தது எதுவோ அதில் ஒரு கிண்ணம் போதும். கிண்ணத்தைத் திருப்பித் தரவேனும் அவர் மீண்டும் ஒருமுறை வருவார்.