குளிர் இரவும் வெளியில் வைத்த நீரும்

புனே நகரில் 1935ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் உஷ்ணநிலை 1.7 டிகிரி சென்டிகிரேடு வரை இறங்கியது. அந்நகரின் பதிவேடுகளில் மிகத் தாழ்ந்ததாகக் குறிக்கப்படுவது இதுவே. நீர் உறைவதற்கு வேண்டிய உஷ்ணநிலை சுழி டிகிரி ஆதலால், அன்றிரவு வெளியில் வைத்த நீர் உறைந்திராது என்று மாணவர் ஒருவர் விடை கூறினால் ஆசிரியர் அதனைச் சரியென்று உடனே ஒப்புக்கொள்ளலாகாது. வானிலை நிலையத்து உஷ்ணமானி, தரையிலிருந்து ஏறத்தாழ நான்கடி உயரத்தில், பக்கங்களில் சாய்பலகையும் மேலே கூரையும் உடைய வெண்ணிறப் பெட்டிக்குள் இருப்பது. அது காட்டுவது பெட்டிக்குள் உள்ள காற்றின் உஷ்ணநிலையே. திறந்தவெளியில் வானத்தை நோக்கிக் கிடக்கும் புல், தகரம், தட்டிலுள்ள நீர் ஆகியவை அதனினும் பல டிகிரி தாழ்ந்திருக்கக்கூடும்.

இதற்குக் காரணம் கதிர்வீசல். எல்லாப் பொருள்களும் இரவும் பகலும் கண்ணுக்குப் புலனாகாத வெப்பக் கதிர்களை வெளிவிட்டுக்கொண்டே இருக்கின்றன. மேகமற்ற வறண்ட இரவில் வானம் திருப்பித் தருவது குறைவு. ஆகவே, திறந்த பரப்பு ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 60 முதல் 100 வாட் வரை வெப்பத்தை இழக்கிறது. மேகம் சூழ்ந்தாலோ, மரக்கிளையோ கூரையோ மேலே இருந்தாலோ அவை தாமும் கதிர் வீசி அவ்விழப்பைப் பெரிதும் ஈடுசெய்கின்றன. காற்று வீசினால் மேலுள்ள சூடான காற்று கீழே கலந்து குளிர்ச்சியைத் தணிக்கிறது. எனவே அஞ்ச வேண்டியது தெளிந்த வானமும், அசையாத காற்றும், வறட்சியும் ஒருங்கே கூடும் இரவையே.

பௌதிக நூலோர் இதனை விளக்குமுன்பே நம் நாட்டுத் தொழிலாளர் இதனைப் பயன்படுத்தி வந்தனர். அலகாபாத்துப் பகுதியில் இரண்டடி ஆழக் குழிகள் தோண்டி, கரும்புச் சோகையும் சோளத்தட்டையும் பரப்பி, மெருகிடாத சிறு மண்தட்டுகளில் நீர் ஊற்றி வைத்துச் சூரியோதயத்துக்குமுன் பனிக்கட்டி திரட்டிய முறையைச் சர் ராபர்ட் பார்க்கர் 1775ஆம் ஆண்டு லண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் எழுதினார். காற்றின் உஷ்ணநிலை உறைநிலைக்கு மேலிருந்த இரவுகளிலும் பனிக்கட்டி கிடைத்தது. நீர் ஆவியாவதால் மட்டுமே இது நிகழ்கிறது என்ற கருத்தை மறுத்து, கதிர்வீசலே முதற்காரணம் என்று வில்லியம் சார்லஸ் வெல்ஸ், பனித்துளி பற்றிய தம் கட்டுரையில் 1814இல் எடுத்துக்காட்டினார். சோகையின் பணி, பூமியின் வெப்பம் தட்டை அடையாது தடுப்பது. நீர் உறையாமல் காக்க வேண்டுவோர் இம்முறையைத் தலைகீழாகப் பின்பற்றினால் போதும்: மேலே மறைப்பு வேண்டும், கீழே பூமியின் வெப்பம் வர வழிவிட வேண்டும்.

புனேக்கும் இப்பொருளுக்கும் உள்ள தொடர்பு இத்துடன் முடியவில்லை. இந்திய வானிலைத் துறை தன் தலைமையகத்தைச் சிம்லாவிலிருந்து 1928இல் பூனாவுக்கு மாற்றியது. 1932இல் அங்கு வேளாண் வானிலைப் பிரிவு தொடங்கப்பெற்றது. அதன் பொறுப்பை ஏற்றவர், பாலக்காட்டில் பிறந்து சர் சி. வி. ராமனிடம் கல்கத்தாவில் பயின்ற டாக்டர் எல். ஏ. ராமதாஸ். அவரும் எஸ். ஆத்மநாதனும் இரவில் தரைக்கு மேல் அடுத்தடுத்த உயரங்களில் காற்றின் உஷ்ணநிலையை அளந்தபோது, எதிர்பாராத ஒன்றைக் கண்டனர். மிகுந்த குளிர்ச்சி தரையோடு ஒட்டியிருக்கும் என்பதே அன்றைய பாடநூல் கூறிய செய்தி. ஆனால் வெறும் தரையின்மீது, தெளிந்த அமைதியான இரவுகளில், மிகுந்த குளிர்ச்சி தரையில் இல்லை. ஒரு சாண் முதல் ஒரு முழம் வரையிலான உயரத்தில் இருந்தது. முடிவு 1932இல் வெளியாயிற்று.

அறிஞர் பலர் இதனை நம்பவில்லை. குளிர்ந்த காற்று கனமானது. சூடான காற்றின்மேல் அது தங்காது, கீழே இறங்கிவிடும். உஷ்ணமானி வைத்த முறையில்தான் பிழை இருக்கும் என்றனர். வாதம் நேர்மையானதே, ஆயினும் அளவை வேறு விதமாகச் சொல்லிற்று. ஜெர்மானிய அறிஞர் ராஷ்கே அதே பூனாவில் மென்மையான கருவிகளைக்கொண்டு அளந்து 1957இல் வெளியிட்ட முடிவு ராமதாஸ் கூற்றை உறுதிப்படுத்தியது. பெங்களூரில் பேராசிரியர் ரொத்தம் நரசிம்மாவும் உடன்பணியாளரும் 1993இல் இதற்குக் கதிர்வீசல் அடிப்படையில் ஒரு கோட்பாடு வகுத்தனர். பின்னர் அந்நகரிலேயே நடந்த சோதனைகள், தரையருகே காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் வெப்பத்தை வானுக்கு வீசி அவ்வடுக்கைக் குளிர்விக்கின்றன என்று காட்டின. இன்று அவ்வடுக்கு ராமதாஸ் பெயராலேயே வழங்குகிறது.

களப்பணியாளருக்கு இதனால் என்ன பயன்? வெறும் மண்ணில் நடப்பட்ட ஒரு சாண் உயரக் கன்றுகள் அவ்வடுக்கினுள்ளேயே நிற்கின்றன. தரையில் வைத்த உஷ்ணமானியோ, நான்கடி உயரப் பெட்டியிலுள்ள உஷ்ணமானியோ கன்றின் நுனி படும் குளிரைக் காட்டாது. நீலகிரியில் தலைகுந்தா போன்ற பள்ளங்களில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை விழும் உறைபனி தேயிலைக் கொழுந்தையும் காய்கறிப் பயிரையும் ஒரே இரவில் கருக்கிவிடுகிறது. அங்கே உஷ்ணமானியைப் பயிர் நுனியின் உயரத்தில் கட்டுவதே முறை.

இனி, பனிநாடுகளில் தெருவோரம் நிற்கும் பான விற்பனை இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். இது கணக்குப் பாடத்துக்கு நல்ல பொருள். 300 மில்லி லிட்டர் கொண்ட 200 பானக் குப்பிகள் உள்ள பெட்டியில் திரவம் 60 லிட்டர். பெட்டியின் பரப்பு 6 சதுர மீட்டர் என்றும், சுவர் மூன்று சென்டிமீட்டர் நுரைப்பொருள் என்றும் கொண்டால், உள்ளே 2 டிகிரியும் வெளியே கழித்தல் 10 டிகிரியும் இருக்கும்போது இழக்கும் வெப்பம் ஏறத்தாழ 60 வாட். பானம் 5 டிகிரியிலிருந்து சுழிக்கு இறங்க இழக்க வேண்டியது 1,260 கிலோ ஜூல். ஆறு மணி நேரத்திற்குள் இது தீர்ந்துவிடும். அதாவது, வெப்பக்காப்புச் சுவர் குளிரைத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. அதனை ஈடுசெய்ய உள்ளே ஏறத்தாழ 60 வாட் வெப்பம் இருந்தால் போதும். கண்ணாடி முகப்புடைய இயந்திரமாயின் இன்னும் மிகுதியாக வேண்டும்.

பழைய இயந்திரங்களில் ஒளிவிளக்கே இவ்வெப்பத்தில் ஒரு பகுதியைத் தந்தது. இன்றைய எல்.இ.டி. விளக்குகள் மின்சாரத்தைச் சேமிக்கின்றன; ஆனால் குளிரில் உதவுவதில்லை. ஆகையால் உஷ்ணநிலை 2 அல்லது 3 டிகிரிக்குக் கீழ் இறங்கியதும் தானே இயங்கும் சிறு சூடேற்றியும், வெப்பத்தை மூலைமுடுக்கெல்லாம் பரப்பும் மின்விசிறியும் தேவை. விசிறி இல்லாவிடின் நடுவிலுள்ள குப்பி சூடாகவும் சுவரோரக் குப்பி உறைந்தும் இருக்கும். நீர் உறையும்போது அதன் பருமன் நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகுகிறது. வாயு கலந்த பானத்திலோ, உறைந்த பகுதி தன்னிடமிருந்த வாயுவை வெளித்தள்ளுவதால் அழுத்தமும் கூடிக் குப்பி வெடிக்கிறது. நூற்றுக்குப் பத்துப் பங்கு சர்க்கரை சேர்ந்த பானம் கழித்தல் 0.6 டிகிரி அளவில்தான் உறையத் தொடங்கும். எனவே முதலில் பாதிக்கப்படுவது குடிநீர்க் குப்பியே. பானம் விழும் வாயிலில் உருகிய பனி மீண்டும் உறைந்து மூடியை இறுக்குவதும் உண்டு. இயந்திரத்தைச் சுவரோரமாக, தாழ்வாரத்தின் கீழ் நிறுத்தினால் திறந்த வானுக்குச் செல்லும் வெப்பமும் மிச்சமாகிறது.

இதே கணக்கு சிம்லா, லே போன்ற ஊர்களின் குடிநீர்க் குழாய்க்கும் பொருந்தும். ஓடாத நீர் முதலில் உறையும். குழாயை மண்ணில் ஆழப் புதைப்பதும், இரவில் வெளிப்பகுதியை வடித்துவிடுவதும் துணி சுற்றுவதினும் உறுதியானவை. பயிருக்கு நீர் தெளிப்பது பற்றிச் சிலர் ஐயுறுகின்றனர். உறையும் ஒவ்வொரு கிராம் நீரும் 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. ஆதலால் தெளிப்பு இடைவிடாது நடக்கும்வரை இலை சுழி டிகிரியை ஒட்டியே நிற்கும். பாதியில் நிறுத்தினால் ஆவியாதலால் குளிர்ச்சி மிகுந்து கேடு பெருகும். புகை மூட்டுதல் பல ஊர்களில் வழக்கமாயினும், புகைத்துகள் வெப்பக் கதிரை மறைப்பது மிகக் குறைவு. தழைக் கூரை அதனினும் மேல்.

பள்ளியில் இதனைக் காட்டுவது எளிது. ஜனவரி மாதத் தெளிந்த இரவொன்றில் ஒரே அளவுள்ள மூன்று உஷ்ணமானிகளை எடுத்து, ஒன்றைப் புல்லின்மீது வானை நோக்கிக் கிடத்துக. ஒன்றை அதே புல்லின்மீது, நான்கு கழிகளில் கட்டிய ஓலைத் தட்டியின் கீழ் வைத்திடுக. மூன்றாவதை வெறும் மண்ணின்மேல் ஒரு முழ உயரத்தில் கட்டுக. சூரியோதயத்துக்குச் சற்று முன் மூன்றையும் வாசித்து எழுதி, அருகிலுள்ள வானிலை நிலையத்தின் குறைந்தபட்ச உஷ்ணநிலையோடு ஒப்பிடுதல் வேண்டும். வாசிக்கும்போது மூச்சுக்காற்று குமிழின்மீது படாதவாறு நிற்க வேண்டும்.