மண்ணின் தழைச்சத்தை அளக்கும் கரிப் பட்டை

45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் ஏறத்தாழ 20.7 கிலோ தழைச்சத்து உள்ளது. வயலில் இட்டபின் அதில் எவ்வளவு பயிருக்குச் சேர்ந்தது, எவ்வளவு நீரோடு இறங்கியது, எவ்வளவு காற்றில் கலந்தது என்பது விவசாயியின் கண்ணுக்குத் தெரிவதில்லை. பயிர் வெளுத்த பிறகே பற்றாக்குறை புரிகிறது. மிகுதியாக இட்டாலோ, நைட்ரேட்டாக மாறிக் கிணற்று நீரில் இறங்குகிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லி கிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கலாகாது என்பது இந்தியத் தர விதி.

யூரியா மண்ணில் முதலில் அம்மோனியமாகிறது. காற்றோட்டமுள்ள நிலத்தில் அதை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. மண் மாதிரி எடுத்த நாளுக்கும் முடிவு கைக்கு வரும் நாளுக்கும் இடையே ஒரு நல்ல மழை பெய்தால், நைட்ரேட் கணக்கே மாறிவிடும். ஆகவே வயலில் நின்றபடியே அளக்கக்கூடிய மலிவான கருவி தேவை. பிளாஸ்டிக் தாளில் கிராபீன் கரியை எழுதிச் செய்யும் மின்வேதி உணரி இதற்கு வழி காட்டுகிறது.

லேசர் எழுதும் கரி

கரி அணுக்கள் தேன்கூடு போலப் பின்னி, ஓர் அணுப் பருமனே உள்ள ஏடாக அமைவது கிராபீன். மின்சாரத்தை நன்கு கடத்தும். இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2004இல் இதைப் பிரித்தெடுத்த ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் இருவருக்கும் 2010இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இதைத் தாமிரத் தகட்டில் மீத்தேன் வாயு கொண்டு ஏறத்தாழ 1,000 டிகிரி வெப்பத்தில் வளர்த்து, பின் வேறு தாளுக்கு மாற்றுவது செலவு மிக்க வேலை.

2014இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூர் குழுவினர் எளிய முறையைக் கண்டனர். மின்சாதனங்களில் வெப்பம் தாங்கும் காப்பாகப் பயன்படும் பாலிஇமைடு என்ற மஞ்சள் நிறத் தாளின் மீது, மரமும் அக்ரிலிக்கும் வெட்டும் பட்டறை லேசரைச் செலுத்தினர். லேசர் பட்ட இடத்தில் வெப்பம் 2,500 டிகிரியைத் தாண்டுகிறது. தாளிலுள்ள ஆக்சிஜனும் நைட்ரஜனும் வாயுவாக வெளியேற, நுண்துளைகள் நிறைந்த கிராபீன் மிஞ்சுகிறது. வெற்றிட அறை தேவையில்லை. இக்கரியில் ஒரு கிராமின் பரப்பு ஏறத்தாழ 340 சதுர மீட்டர், அதாவது எட்டு சென்ட் நிலத்துக்கும் மேல். பரப்பு கூடினால் குறிப்பு நிலையாக இருக்கும். தேங்காய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் மீதும் கிராபீன் எழுத முடியும் என்பதை இதே குழு 2018இல் காட்டியது.

செய்யும் முறை

ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜோனதன் கிளாசன் குழுவினர் 2018இல் இம்முறையில் மண்ணின் அம்மோனியம், நைட்ரேட் அளக்கும் பட்டைகளைச் செய்தனர். இத்தகைய பட்டைகளைச் செய்வது கடினமன்று. தாளைச் சாராயத்தால் துடைத்து, கணினியில் வரைந்த வடிவத்தை லேசரால் எழுத வேண்டும். ஒரு முனை மண் கரைசலில் அமிழும். மறுமுனை மீட்டரில் சேரும். இடைப்பகுதியில் ஈரம் ஏறாமல் நகப்பூச்சு போன்ற மெருகு பூசினால் போதும்.

அமிழும் முனையில் பி.வி.சி. சவ்வு ஒன்று படிய வைக்கப்படுகிறது. இதுவே வாயிற்காவலன். அம்மோனியத்தைப் பிடிக்க நோனாக்டின் என்ற பொருள் சேர்க்கப்படும். இது ஸ்ட்ரெப்டோமைசஸ் என்னும் மண் நுண்ணுயிரி தருவது. மண்ணை அளக்க மண்ணே பொருள் தருகிறது! நைட்ரேட்டுக்கு வேறு சவ்வு. ஒப்பீட்டுக்கு வெள்ளி, வெள்ளி குளோரைடு பூசிய மின்முனை ஒன்றும் உடனிருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

சத்தின் செறிவு பத்து மடங்கு மாறினால், 25 டிகிரி வெப்பத்தில் மின்னழுத்தம் கொள்கைப்படி 59 மில்லி வோல்ட் மாற வேண்டும். ஐயோவா பட்டைகள் 50க்குச் சற்று மேல் காட்டின. இது நல்ல பலனே. ஆனால் ஒரு மில்லி வோல்ட் தவறினால் அளவில் ஏறத்தாழ 4 சதம் தவறும். ஐந்து மில்லி வோல்ட் தவறினால் 50 கிலோ இருக்குமிடத்தில் 60 கிலோ என்று காட்டும். அதை நம்பி உரத்தைக் குறைத்தால் மகசூல் குறையும்.

நோனாக்டின் சாம்பல் சத்தையும் ஓரளவு அம்மோனியமாக எண்ணிவிடும். எனவே பொட்டாஷ் இட்டவுடன் அளக்கலாகாது. உப்பு நீர் பாயும் நிலத்தில் குளோரைடு நைட்ரேட் அளவைக் குழப்பும். காய்ந்த மண்ணில் பட்டை பேசாது, ஈரம் வேண்டும்.

இத்தகைய கருவியை யாரேனும் விற்க வந்தால் விவசாயிகள் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அளவு தெரிந்த இரு கரைசல்களில் நனைத்துச் சரிபார்க்க வழி உண்டா? ஒரு பட்டை எத்தனை நாள் தவறாமல் காட்டும்? மண் பரிசோதனை நிலைய முடிவோடு ஒத்துப் பார்த்தார்களா? மூன்றுக்கும் தெளிவான விடை வந்த பிறகே பணம் கொடுக்கலாம்.

அதுவரை மண் பரிசோதனைப்படி அடியுரம் இடுவதும், நெல்லுக்கு இலை வண்ண அட்டை பார்த்து மேலுரத்தைப் பிரித்து இடுவதுமே கைகண்ட வழி.