பனிக்கு இசைந்த எம்பெருமான்: திருப்பிரிதியும் திருவதரியும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

எம்பெருமான் தேசத்தாலும் காலத்தாலும் வஸ்துவாலும் அளவிடப்படாதவன் என்பது வேதாந்தத்தின் துணிபு. அவ்வெம்பெருமான் உகந்தருளின நிலங்களில் ஒன்றான திருவதரியில், ஆண்டுதோறும் ஐப்பசி கார்த்திகையளவில் திருக்கதவம் சாத்தப்படுகிறது. பனி உருகிச் சித்திரை வைகாசி பிறந்த பின்னரே மீண்டும் திறக்கப்படுகிறது. எல்லையில்லாதவனுக்குப் பனி எல்லையிடுவது எங்ஙனே பொருந்தும் என்று ஒரு சங்கை எழக்கூடும். அச்சங்கைக்குப் பூர்வாசாரியர்களின் ஸ்ரீஸூக்திகளைக் கொண்டு விடை காண்பதும், அவ்விடையிலிருந்து இன்று நாம் கொள்ளவேண்டிய பாடத்தைக் கூறுவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் திருமங்கையாழ்வாரின் அடைவை நோக்குவோம். பெரிய திருமொழியின் முதல் திருமொழியில் ஆழ்வார் நாராயண நாமத்தைக் கண்டுகொண்டமையைப் பேசுகிறார். அத்திருநாமத்தைச் சொல்லும் திருமந்த்ரத்தை நாராயணன் நரனுக்கு வெளியிட்டருளின இடம் பதரிகாச்ரமம் என்பது நம் ஸம்ப்ரதாயம். ஆகவே நாமம் பெற்றவர், அது பிறந்த மலையை நாடுவது இயல்பு. ஆனால் இரண்டாம் திருமொழி திருவதரியைப் பாடவில்லை, திருப்பிரிதியைப் பாடுகிறது. மூன்றும் நான்கும்தான் திருவதரிக்கு உரியவை. ஐந்தாவது சாளக்கிராமத்தைப் பாடுகிறது.

திருப்பிரிதியை இன்றைய ஜோஷிமடமாகக் கொள்வது பெருவழக்கு. ஜோஷிமடம் சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் உள்ளது. திருவதரியோ 3,100 மீட்டருக்கும் மேலே. இரண்டுக்கும் இடையே மலைவழி சுமார் 45 கிலோமீட்டர். கீழிருந்து ஏறுபவன் முதலில் பிரிதியை அடைந்து, பின்னரே வதரியை அடைய இயலும். இவ்வழக்கைக் கொண்டு பார்த்தால், ஆழ்வாருடைய பதிகங்களின் அடைவு மலையேறும் வழியின் அடைவாகவே அமைந்திருப்பது புலப்படும். திருப்பிரிதிப் பதிகத்தில் வேழமும் வேங்கையும் மலைப்பாம்பும் முகிலும் நிறைந்த இமயச் சாரல் விரிகிறது. நெஞ்சை நோக்கி, அங்குச் சென்று சேர் என்று அவர் ஏவுகிறார்.

அடுத்து, திருவதரியைப் பற்றிய முதற்பதிகத்தில் ஒரு புதுமை. அங்கே மலையின் அழகைக் காட்டிலும் மனித உடலின் தளர்ச்சியே மிகுதியாகப் பேசப்படுகிறது. கோலூன்றி நடப்பதும், இருமி இளைப்பதும், இளையோர் நகைப்பதும் ஆகிய முதுமையின் அவலங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, அவை வருமுன் வதரியை வணங்குவோம் என்கிறார் ஆழ்வார். இந்த முறை இங்கு ஏன்? அந்நிலத்தின் தன்மையே காரணம் என்று அடியேனுக்குத் தோன்றுகிறது. காவிரிக்கரைத் திருப்பதிகளைக் கிழவரும் தடியூன்றிச் சென்று ஸேவிக்கலாம். மூச்சு முட்டும் உயரத்தில், பனிப்பாறைகளின் நடுவே உள்ள வதரியை முழங்கால் தளர்ந்தவன் எங்ஙனம் அடைவான்? ஆக, இடத்தின் இயல்பே பாசுரத்தின் பொருளை வகுத்தது. எழுபது கடந்த அடியேனுக்கு இப்பதிகத்தின் பொருள் ஆண்டுக்காண்டு தெளிவாகி வருகிறது.

இனி, முற்கூறிய சங்கைக்கு வருவோம். எம்பெருமானுடைய ஐந்து நிலைகளையும் பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் ஐந்துவகை நீருக்கு ஒப்பிட்டருளினார். அந்தர்யாமித்வம் பூமிக்குள் மறைந்த நீர், பரத்வம் அண்டத்துக்கு அப்பால் உள்ள ஆவரண நீர், வ்யூகம் பாற்கடல், விபவம் பெருகிக் கடந்துபோன ஆறு, அர்ச்சாவதாரமோ அவ்வாற்றில் தேங்கிய மடு. தாகித்தவனுக்கு உதவுவது மடுவே என்பது கருத்து. இவ்வுவமையில் மற்றொன்றும் அடங்கியிருக்கிறது. மடுவுக்கு வடிவு தருவது அது தேங்கிய நிலம். பாறையில் தேங்கினால் பாறையின் வடிவும், மணலில் தேங்கினால் மணலின் வடிவும் கொள்ளும். நீரின் தன்மை மாறுவதில்லை. கொண்ட வடிவே வேறுபடுகிறது. தத்வத்ரயத்திலும் அவரே, அர்ச்சாவதாரத்தில் எம்பெருமான் ஸ்வாதந்த்ரியத்தை மறைத்து, நீராட்டம், அமுது, உறக்கம் அனைத்திலும் அர்ச்சகபராதீனனாய் இருக்கும் இருப்பைக் காட்டியருளினார். அர்ச்சகனுக்கு வசப்பட்டவன், அவ்வர்ச்சகன் வாழும் மண்ணுக்கும் பருவத்துக்கும் வசப்படுவான் என்பது சொல்லாமலே அமையும்.

திருவதரியின் நடைமுறை இதற்குக் கண்கூடான சான்று. அதன் அருகில் உள்ள மாணா என்னும் சிற்றூரில் வாழும் மலைமக்கள் கோடையில் அங்கே பயிரிட்டும் ஆடு மேய்த்தும் கம்பளி நெய்தும் வாழ்வர். பனி தொடங்குமுன் குடும்பத்தோடு கீழ்நிலங்களுக்கு இறங்கிவிடுவர். எம்பெருமானுடைய ஆராதனமும் அவ்வாறே இறங்குகிறது. உத்தவரும் குபேரரும் பாண்டுகேசுவரத்துக்கு எழுந்தருள்வர். பனிக்காலப் பூஜை ஜோஷிமடத்து நரசிங்கப் பெருமாள் ஸந்நிதியில் நடைபெறும். ஆறு மாதம் மனிதர் ஆராதிக்க, ஆறு மாதம் தேவர்கள் ஆராதிப்பதாக ஐதிஹ்யம்.

கதவம் சாத்தும் நாளில் நடக்கும் இரண்டு செயல்கள் உள்ளம் உருக்குபவை. தனி ஸந்நிதியில் எழுந்தருளியிருக்கும் பிராட்டியை அன்று கர்ப்பக்ருஹத்தில் எம்பெருமானுக்கு அருகில் எழுந்தருளப்பண்ணுகின்றனர். பனி மூடிய ஆறு மாதமும் மனிதர் யாரும் அணுக இயலாத அவ்விடத்தில் புருஷகாரபூதையான பிராட்டி உடனிருக்கிறாள். அடுத்து, மாணா ஊர்ப் பெண்கள் நெய்த கம்பளத்தை நெய்யில் தோய்த்து எம்பெருமானுக்குச் சாத்துகின்றனர். திருக்கதவம் திறக்கும் நாளில் அக்கம்பளமே பிரஸாதமாக வழங்கப்படுகிறது. திருமேனிக்கும் திருவிளக்குக்கும் வேண்டிய எள்ளெண்ணெய், டெஹ்ரி அரச குடும்பத்துப் பெண்டிர் நரேந்திரநகர் அரண்மனையில் பிழிந்து அனுப்புவது. மாலைக்கு அம்மலையிலேயே விளையும் மணமுள்ள வதரித் துளசி. நம் மாடத்துத் துளசிக்கும் அதற்கும் தோற்றத்தில் வேறுபாடு உண்டு. எம்பெருமான் திருவுள்ளத்தில் வேறுபாடு இல்லை.

நம் பக்கத்திலும் இம்முறையே. திருவரங்கத்தில் ஆனி மாதத்து ஜ்யேஷ்டாபிஷேகத்துக்குக் காவிரி நீர் யானைமேல் வருகிறது. சுதையாலான பெரிய பெருமாள் திருமேனிக்குத் திருமஞ்சனமின்றித் தைலக்காப்பு மட்டுமே. ஸ்ரீவில்லிபுத்தூரில் கைசிக ஏகாதசியன்று குளிருக்காக 108 வஸ்திரங்கள் சாத்தப்படுகின்றன. ஆற்றங்கரையில் ஆற்றுநீரும், பனிமலையில் கம்பளமும் கைங்கர்யமாகின்றன. அந்தந்த நிலத்து மக்கள் தங்கள் உடலுக்கு எதை இதமாக அறிந்தார்களோ, அதையே அவனுக்கு ஸமர்ப்பித்தனர். அவனும் அதை விரும்பி ஏற்றான். ஆக, பனி எம்பெருமானுக்கு எல்லையிட்டதன்று. பனிக்கு இசைவதென்று அவனே தன் ஸௌலப்யத்தால் திருவுள்ளம் பற்றினான். இதுவே சங்கைக்குப் பரிகாரம்.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஜோஷிமடம் திடமான பாறையின்மேல் அமைந்த ஊரன்று. பண்டைய மலைச்சரிவில் குவிந்த மணலும் கல்லுமே அதன் அடித்தளம். 1976-இல் அரசு அமைத்த மிஸ்ரா குழு இதனை எடுத்துக்காட்டி, பெருங்கட்டடங்கள் கூடாது, பாறைகளைத் தகர்க்கலாகாது, மரங்களை வெட்டலாகாது என்று எச்சரித்தது. அவ்வெச்சரிக்கைக்குப் பின்னும் கட்டடங்கள் பெருகின. கழிவுநீர் வடிய வழியின்றி மண்ணுக்குள் இறங்கியது. 2023 ஜனவரியில் அவ்வூரின் 800-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் கண்டது. பல குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறின. ஆழ்வார் சென்றடையுமாறு நெஞ்சை ஏவிய திருப்பிரிதியின் மண்ணே நழுவுகிறது.

அவ்வூர் நரசிங்கப் பெருமாளின் ஒரு திருக்கை மெலிந்துவருவதாகவும், அது இற்றுவிழும் நாளில் நர நாராயண மலைகள் இரண்டும் கூடி வதரிக்கு வழியடைபடும் என்றும், அதன்பின் பவிஷ்ய பதரியிலேயே ஸேவை கிடைக்கும் என்றும் அம்மலைமக்கள் வழிவழியாகக் கூறுவர். மலை நிலையற்றது என்பதை அவர்கள் தலைமுறைகளாக அறிந்திருந்தனர் என்பதை இவ்வைதிஹ்யம் காட்டுகிறது. அவ்வறிவு இன்று யாத்திரை செல்லும் நமக்கு இருக்கிறதா?

முன்னோர் ரிஷிகேசத்திலிருந்து பல நாள் நடந்து, சட்டிரங்களில் தங்கி, மலையின் போக்குக்குத் தம்மை இசைத்துக்கொண்டு ஏறினர். இன்று ஒரே பருவத்தில் பல லட்சம் பேர் ஊர்திகளில் ஏறுகிறோம். அகன்ற சாலையும் வெந்நீர் அறையும் நம் ஊர் உணவும் அங்கே வேண்டும் என்கிறோம். முதியோருக்கு ஊர்தி வேண்டுவதே. அதனை அடியேன் மறுக்கவில்லை. ஆயினும் எம்பெருமானே பனிக்கு இசைந்து கதவம் சாத்தும் இடத்தில், அவனுடைய சேஷபூதர்களான நாம் மலை நமக்கு இசையவேண்டும் என்று எதிர்பார்ப்பது சேஷத்வத்துக்குச் சேருமா?

உகந்தருளின நிலம் என்ற தொடரில் உகப்பு எம்பெருமானுடையது. நிலம் அவன் உகந்தது. அவன் உகந்ததை நாம் சிதைத்தல் பகவதபசாரத்தின் பாற்படும் என்பது அடியேன் துணிபு. ஆகவே திருவதரிக்குச் செல்வோர் குறைந்த சுமையோடு சென்று, அவ்வூர் மக்கள் உண்பதை உண்டு, குப்பையை அங்கே விடாது கீழே கொணர்ந்து, கூட்டம் மிகுந்த நாட்களைத் தவிர்த்து ஸேவிப்பார்களாக. உடல் தளர்ந்து செல்ல இயலாதோர், வதரிப் பதிகங்கள் இரண்டையும் இருந்த இடத்திலேயே அநுஸந்திப்பார்களாக. கங்கைக்கரை வதரியை ஆழ்வார் நம் நாவில் கொணர்ந்து வைத்தது அதற்காகவும்தான்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.