எகிப்தின் மேலவை: ஆலோசகரைத் தேர்பவர் யார்?

சில ஆண்டுகளுக்கு முன், வகுப்பில் அரபி நாளிதழ்ச் செய்தியொன்றை மாணவர்களுக்குப் படித்துக் காட்டிக் கொண்டிருந்தேன். எகிப்தில் ‘மஜ்லிஸுஷ் ஷுயூக்’ தேர்தல் நடைபெறவிருப்பதாக அச்செய்தி கூறியது. மாணவர் ஒருவர் எழுந்து, “ஹஜ்ரத், ஷைகுமார்களின் சபை என்றால் அஸ்ஹரின் ஆலிம்கள்தாமே அதில் உறுப்பினர்கள்?” என்று கேட்டார். வகுப்பில் பலரும் அவ்வாறே எண்ணியிருந்தனர் என்பதை அவர்தம் முகங்கள் காட்டின.

ஷைகு என்னும் சொல்லுக்கு அரபியில் முதியவர் என்பதே முதற்பொருள். குலத்தலைவர், மார்க்க அறிஞர் என்னும் பொருள்கள் அதிலிருந்து விரிந்தவை. ரோமாபுரியின் ‘செனட்’ என்னும் பெயரும் இலத்தீன் மொழியில் முதியவரைக் குறிக்கும் சொல்லிலிருந்தே பிறந்தது. ஆகவே ‘மஜ்லிஸுஷ் ஷுயூக்’ என்பது செனட் என்பதன் நேர்பொருளைத் தரும் அரபிப் பெயரேயன்றி, ஆலிம்களின் சபை அன்று. அது எகிப்திய நாடாளுமன்றத்தின் மேலவையாகும். கீழவைக்கு ‘மஜ்லிஸுன் நுவ்வாப்’, அதாவது பிரதிநிதிகள் சபை என்று பெயர்.

எனினும், மாணவரின் வினாவில் ஓர் உண்மை அடங்கியிருந்தது. இந்தச் சபையில் அமர்பவர் யார் என்பதைவிட, அவரை அமர்த்துபவர் யார் என்பதே எகிப்தின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுந்த வழக்கு. அவ்வழக்கை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோடிகள்

1866ஆம் ஆண்டில் கெதீவ் இஸ்மாயீல் ‘மஜ்லிஸு ஷூரன் நுவ்வாப்’ என்னும் சபையை ஏற்படுத்தினார். அதில் 75 உறுப்பினர்கள் இருந்தனர். ஊர்த்தலைவர்களும் நகரப் பிரமுகர்களும் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை அவர்களைத் தேர்ந்தெடுத்தனர். கருத்துரைப்பதே அச்சபையின் பணி; முடிவெடுப்பவர் கெதீவ்.

1882இல் பிரிட்டன் எகிப்தைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டு பிறப்பிக்கப்பெற்ற அடிப்படைச் சட்டம் ‘மஜ்லிஸு ஷூரல் கவானீன்’ என்னும் சட்ட ஆலோசனைச் சபையை நிறுவியது. அதன் 30 உறுப்பினர்களுள் 14 பேர் நியமனம் பெற்ற நிலையான உறுப்பினர்கள். 16 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். சபையின் கருத்தை ஏற்க வேண்டிய கட்டாயம் அரசுக்கு இல்லை. ஆனால் ஏற்க மறுத்தால் அதற்குரிய காரணத்தைச் சபைக்குத் தெரிவித்தாக வேண்டும். அக்காரணத்தைப் பற்றி விவாதிக்கும் உரிமை மட்டும் சபைக்கு வழங்கப்படவில்லை. அன்னிய ஆதிக்கத்தின் நிழலில் எழுந்த சபைதான் அது. ஆயினும் ‘காரணம் கூறு’ என்னும் இச்சிறு விதியை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறேன்.

1923: ஐந்தில் இரு பங்கு

எகிப்தில் முறையான ஈரவை நாடாளுமன்றம் தோன்றியது 1923ஆம் ஆண்டு அரசமைப்பினால். மேலவையின் ஐந்தில் மூன்று பங்கினரை மக்கள் தேர்ந்தெடுப்பர். ஐந்தில் இரு பங்கினரை மன்னர் நியமிப்பார். கீழவைக்கு 60,000 பேருக்கு ஒருவர் என்றும், மேலவைக்கு 1,80,000 பேருக்கு ஒருவர் என்றும் கணக்கு வகுக்கப்பட்டது. மேலவை உறுப்பினருக்குக் குறைந்தது நாற்பது வயது நிரம்பியிருக்க வேண்டும். பதவிக்காலம் பத்தாண்டுகள்; ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை பாதிப்பேர் மாறுவர்.

வயது மட்டும் போதாது. முன்னாள் அமைச்சர், தூதர், நீதிபதி, ஓய்வுபெற்ற படைத்தலைவர், மூத்த ஆலிம், பிற சமயத் தலைவர், ஆண்டுக்கு 150 பவுனுக்குக் குறையாமல் நிலவரி செலுத்துபவர் எனச் சில வகுப்பினர்க்கே அங்கு இடமுண்டு. கீழவை மக்களின் சபை என்றால், மேலவை செல்வர், பதவியாளர், சான்றோர் ஆகியோரின் சபை.

1924 ஜனவரியில் நடைபெற்ற தேர்தலில் வஃப்து கட்சி பெருவெற்றி ஈட்டியது. அஸ்ஹரில் பயின்றவரான சஅத் ஸக்லூல் பாஷா பிரதமரானார். உடனே ஒரு சிக்கல் எழுந்தது. மேலவையின் நியமன உறுப்பினர்களைத் தேர்வது மன்னர் ஃபுஆதின் தனியுரிமையா, அமைச்சரவையின் உரிமையா? ‘மன்னர் நியமிப்பார்’ என்றே அரசமைப்பு கூறுகிறது என்றது அரண்மனை. மன்னர் தம் அதிகாரத்தை அமைச்சர்கள் வழியாகவே செலுத்துகிறார் என்று அதே அரசமைப்பு கூறுவதையும், அவருடைய ஆணைகளில் பிரதமரும் துறை அமைச்சரும் கையொப்பமிட வேண்டும் என்பதையும் ஸக்லூல் சுட்டிக்காட்டினார். இறுதியில் இரு தரப்பும் கலப்பு நீதிமன்றங்களின் தலைமை வழக்கறிஞராக இருந்த பெல்ஜியரான பாரன் வான் டென் போஷ் என்பவரின் கருத்துக்கு வழக்கை விட்டன. அவர் அமைச்சரவைக்குச் சார்பாகவே கருத்துரைத்தார்.

இத்தீர்ப்பின் நுட்பம் கவனிக்கத்தக்கது. ஐந்தில் இரு பங்கு என்னும் அளவு மாறவில்லை, நியமனமும் ஒழியவில்லை. மாறியது ஒன்றே: நியமிப்பவர் இனி எவருக்கும் பதில் சொல்லத் தேவையற்றவர் அல்லர், மக்கள் தேர்ந்தெடுத்த கீழவைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

அரண்மனை இதனை மறந்துவிடவில்லை. 1930இல் இஸ்மாயீல் ஸித்கீ பாஷாவின் ஆட்சியில் புதிய அரசமைப்பு திணிக்கப்பட்டது. மேலவை 100 உறுப்பினர்கள் கொண்டதாக்கப்பட்டு, அவர்களுள் 60 பேர் நியமனத்தினரும் 40 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவருமாக விகிதம் தலைகீழாயிற்று. மக்கள் எதிர்ப்பின் விளைவாக 1935 டிசம்பரில் பழைய அரசமைப்பு மீண்டது.

ஹைகல் கண்ட அனுபவம்

‘ஹயாத்து முஹம்மத்’ என்னும் ஸீரா நூலின் ஆசிரியர் முஹம்மது ஹுஸைன் ஹைகலை நம் வாசகர்கள் அறிவர். அவர் 1945 முதல் எகிப்திய மேலவையின் தலைவராக இருந்தார் என்பதைப் பலர் அறியமாட்டார். 1950இல் மேலவை உறுப்பினர் முஸ்தஃபா மர்ஈ என்பவர், மன்னர் ஃபாரூக்கின் பத்திரிகை ஆலோசகர் தொடர்புடைய பணவிவகாரம் குறித்துச் சபையில் வினா எழுப்பினார். தலைவர் என்னும் முறையில் ஹைகல் அவ்விவாதத்திற்கு இடமளித்தார். அவ்வாண்டு ஜூன் மாதமே அரச ஆணைகள் வெளிவந்தன. ஹைகலின் தலைமைப் பதவி பறிபோயிற்று. நியமன உறுப்பினர் சிலரின் உறுப்புரிமையும் முடிந்தது.

இவ்வாணைகளுக்கு அன்றைய வஃப்து அமைச்சரவையின் இசைவும் இருந்தது என்பதை மறைத்தல் நேர்மையாகாது. 1924இல் நியமன உரிமைக்காகப் போராடிய அதே கட்சிதான் அது. அமைச்சரவையின் கையொப்பம் ஒன்றே போதிய காவலாகாது என்பதையும், ஆலோசகரை அமர்த்தும் கை அவரை எழுப்பவும் வல்லதாயின் அவருடைய நா தளர்ந்துவிடும் என்பதையும் இந்நிகழ்ச்சி உணர்த்திற்று. 1952 ஜூலையில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. டிசம்பரில் அரசமைப்பு நீக்கப்பட்டது. அதனோடு மேலவையும் மறைந்தது.

1980: ஷூரா என்னும் பெயர்

இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1980 மே மாதத்தில் அன்வர் ஸாதாத் செய்த அரசமைப்புத் திருத்தம் இரண்டாம் அவையை மீட்டது. இம்முறை அதன் பெயர் ‘மஜ்லிஸுஷ் ஷூரா’. மூன்றில் இரு பங்கினர் தேர்தல் வழியாகவும், மூன்றில் ஒரு பங்கினர் குடியரசுத் தலைவரின் நியமனத்தாலும் அமைவர். முபாரக்கின் இறுதிக் காலத்தில் சபையின் 264 உறுப்பினர்களுள் 176 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 88 பேர் நியமனத்தினர்.

ஷூரா என்பது திருக்குர்ஆனின் ஓர் அத்தியாயத்திற்கே பெயரான சொல். நம் ஜமாஅத்துகளில் அன்றாடம் வழங்கும் ‘மஷூரா’வும் அதே வேரில் பிறந்ததே. தேன்கூட்டிலிருந்து தேன் எடுப்பதற்கும் இவ்வேர்ச்சொல்லை அரபியர் ஆள்வர். பல அறைகளில் உள்ளதைத் திரட்டிச் சாரத்தை வெளிக்கொணர்வது ஆலோசனை என்பது அதன் உட்கருத்து. ஷூராவின் முடிவு ஆட்சியாளரைக் கட்டுப்படுத்துமா, அவருக்குக் கருத்தை அறிவிப்பதோடு நின்றுவிடுமா என்பது சென்ற நூற்றாண்டில் அறிஞர்கள் நீண்டகாலம் விவாதித்த பொருளாகும். எகிப்தின் ஷூரா சபையோ அவ்விவாதத்திற்கு முன்பே முடிவு கட்டிவிட்டது. அது கருத்துரைக்கும், அக்கருத்து எவரையும் கட்டுப்படுத்தாது. 2007ஆம் ஆண்டுத் திருத்தமே அதற்கு ஓரளவு சட்டமியற்றும் பங்கை அளித்தது.

அதிகாரமற்ற சபையாகத் தோன்றினாலும் வேறு வழியில் அது வலிமை பெற்றிருந்தது. அரசுசார் நாளிதழ்களின் உடைமையுரிமை அச்சபையின் வசம் இருந்தது. புதிய கட்சிகளுக்கு அனுமதி வழங்கும் குழுவிற்கு அதன் தலைவரே தலைமை தாங்கினார். ஆட்சியாளருக்கு அறிவுரை கூற அமைந்த சபை, பிறர் பேசும் வாயில்களைக் காக்கும் சபையாயிற்று.

ஐந்தில் இரு பங்கைவிட மூன்றில் ஒரு பங்கு சிறியது. அவ்வகையில் 1980ஆம் ஆண்டு ஏற்பாடு மக்களாட்சிக்கு நெருங்கியது எனத் தோன்றும். உண்மை அதுவன்று. 1924க்குப் பின் நியமன ஆணையில் கீழவைக்குப் பதில் சொல்லும் அமைச்சரவை பங்கு கொண்டது. 1980க்குப் பின் அது தனியொருவரின் ஆணையாயிற்று. பங்கு குறைந்தது, பிடி இறுகியது.

புரட்சியும் அதன் பின்னும்

2011 பிப்ரவரியில் முபாரக் ஆட்சி வீழ்ந்தபோது ஷூரா சபையும் கலைக்கப்பட்டது. 2012 தொடக்கத்தில் 180 இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. மீதமிருந்த 90 பேரை அவ்வாண்டு டிசம்பரில் முஹம்மது முர்ஸீ நியமித்தார். அதற்குள் கீழவை நீதிமன்றத் தீர்ப்பினால் கலைந்திருந்தமையால், சட்டமியற்றும் பொறுப்பு முழுவதும் ஷூரா சபையின் மேல் விழுந்தது. அறிவுரை கூறுவதற்கென்று, குறைந்த வாக்காளரே பங்கேற்ற தேர்தலில் அமைந்த சபை, நாட்டின் ஒரே சட்டசபையாயிற்று. அதன் தகுதி குறித்து எழுந்த வினாக்கள் ஓயவில்லை.

அதே டிசம்பரில் ஏற்கப்பட்ட அரசமைப்பு, தேர்ந்தெடுக்கப்பட்டோர் தொகையில் பத்தில் ஒரு பங்கிற்கு மேல் நியமனம் கூடாது என்று வரையறுத்தது. எகிப்து கண்ட வரையறைகளுள் இதுவே மிகக் கண்டிப்பானது. ஆனால் அதன்படி ஒரு தேர்தலும் நடைபெறவில்லை. 2013 ஜூலையில் இராணுவம் முர்ஸீயை அகற்றியது. இடைக்காலத் தலைவர் அத்லீ மன்ஸூர் சபையைக் கலைத்தார். 2014ஆம் ஆண்டு அரசமைப்பு மேலவையே வேண்டாம் என்று விட்டுவிட்டது.

இன்றைய சபை

2019 ஏப்ரலில் பொதுவாக்கெடுப்பின் வழியே ஏற்கப்பட்ட திருத்தங்கள் மேலவையை மீண்டும் உயிர்ப்பித்தன. 1923ஆம் ஆண்டின் பழைய பெயரும் திரும்பியது. அரசமைப்பின்படி குறைந்தது 180 உறுப்பினர்கள் இருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் 141ஆம் எண் சட்டம் அத்தொகையை 300 ஆக்கியது. அவர்களுள் 100 பேர் தனித்தொகுதிகளிலிருந்தும், 100 பேர் மூடிய பட்டியல் முறையிலும் தேர்ந்தெடுக்கப்படுவர். 100 பேரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார். பதவிக்காலம் ஐந்தாண்டுகள். உறுப்பினருக்கு 35 வயதும், பல்கலைக்கழகப் பட்டமோ அதற்கு இணையான தகுதியோ வேண்டும். பெண்களுக்குக் குறைந்தது பத்து விழுக்காடு இடம் உண்டு.

மூடிய பட்டியல் என்பது சற்று விளக்கத்திற்குரியது. நாடு நான்கு பெருந்தொகுதிகளாகப் பிரிக்கப்படும். வாக்காளர் ஒரு பட்டியலை முழுமையாக ஏற்கலாம். அதிலுள்ள பெயர்களைத் தெரிந்தெடுக்க முடியாது. வெல்லும் பட்டியலுக்கே அத்தொகுதியின் அனைத்து இடங்களும் சேரும். 2020இலும் 2025இலும் ஒரே ஒரு பட்டியலே களத்தில் நின்றது. அந்நிலையில் அப்பட்டியல் பதிவான வாக்காளருள் ஐந்து விழுக்காட்டினரின் ஆதரவைப் பெற்றாலே போதும். எனவே நியமன நூறு ஒருபுறமிருக்க, பட்டியல் நூறும் வாக்குப்பெட்டிக்கு முன்பே ஏறத்தாழ முடிவாகிவிடுகிறது. 2020 ஆகஸ்டில் வாக்களித்தோர் 14.23 விழுக்காட்டினர், 2025 ஆகஸ்டில் சுமார் 17 விழுக்காட்டினர்.

நியமனத்திற்குச் சார்பான வாதத்தையும் கூறுதல் வேண்டும். தேர்தல் களத்தில் இறங்க விரும்பாத அறிஞரும், சிறுபான்மையினரான கிப்தியக் கிறித்தவரும், பெண்டிரும் அதன் வழியே அவைக்கு வந்துள்ளனர். பணமும் குலப்பெருமையும் வெல்லும் தேர்தலில் அவர்களுட் பலர் வென்றிருக்க மாட்டார். இதனைப் புறந்தள்ளல் இயலாது.

ஆனால் வரலாறு நமக்கு மூன்று உரைகற்களைத் தந்துள்ளது. முதலாவது, நியமிப்பவர் யாருக்கேனும் பதில் சொல்லக் கடமைப்பட்டவரா என்பது. 1924 தந்த பாடம் இது. இன்றைய நூறு பேரின் நியமனம் குடியரசுத் தலைவரின் ஆணை மட்டுமே. இரண்டாவது, நியமனம் பெற்றவர் அஞ்சாது பேச இயலுமா என்பது. 1950 தந்த பாடம் இது. இன்று உறுப்பினரை இடையில் நீக்கச் சபையின் மூன்றில் இரு பங்கினர் வாக்களிக்க வேண்டும் என்பது நல்ல காவல். ஆயினும் ஐந்தாண்டுகள் கழிந்தபின் மறுநியமனம் அதே கையில்தான் உள்ளது. மூன்றாவது, கூறிய ஆலோசனைக்கு மறுமொழி உண்டா என்பது; 1883 தந்த பாடம் இது. அரசமைப்புத் திருத்தம், வளர்ச்சித் திட்டம், சமாதான உடன்படிக்கை ஆகியவற்றில் இன்றைய மேலவையின் கருத்துக் கேட்கப்படும். பிற சட்டமுன்வடிவுகளோ, குடியரசுத் தலைவரோ கீழவையோ அனுப்பினால் மட்டுமே அங்கு வரும். அமைச்சர்கள் அச்சபைக்குப் பொறுப்பானவர் அல்லர். சபையின் கருத்தை ஏற்காவிடில் காரணம் கூற வேண்டும் என்னும் அந்தப் பழைய விதியும் இன்றில்லை.

என் மாணவரின் வினாவிற்கு அன்று சொற்பொருளை மட்டுமே விடையாகக் கூறினேன். இன்று கேட்டால் இன்னும் ஒன்றைச் சேர்த்துச் சொல்வேன். சபையின் பெயர் ஷூராவா, ஷுயூக்கா என்று பார்ப்பதில் பயனில்லை. ஆலோசனை பெற வேண்டியவரே ஆலோசகரைத் தெரிந்தெடுத்து, கேட்க விரும்பியதை மட்டும் கேட்டு, கேட்டதற்கு மறுமொழியும் கூறாதிருப்பின், அங்கே நடப்பது ஆலோசனை அன்று. தம் குரலின் எதிரொலியைத் தாமே கேட்டு மகிழ்வதாகும்.