கழுத்து வலி மனசையும் பாதிக்குமா? ‘கரன்ட் வைப்பதோடு’ முடிவதில்லை பிசியோதெரபி!

மதியம் 3 மணி. லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். கழுத்து பிடித்து இழுக்கிறது. ‘இன்னைக்கு வாக்கிங் வேணாம், ரெஸ்ட் எடுப்போம்’ என்று தோன்றுகிறது. அடுத்த வாரம் பைக் ஓட்டவே யோசனை. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் விளையாட நண்பர்கள் கூப்பிட்டால், ‘நீங்க போங்கடா, எனக்கு முடியல’ என்கிறீர்கள். இரண்டு மாதத்தில் தூக்கம் கெட்டு, எதைச் செய்யவும் பிடிக்காமல் போகிறது. கழுத்தில் தொடங்கிய பிரச்சினை எப்போது மனசுக்கு வந்தது?

வலி, பயம், முடக்கம்

வலி வந்ததும் அசையப் பயப்படுகிறோம். அசையாமல் இருப்பதால் தசைகள் பலவீனமாகின்றன. அதனால் சின்ன வேலைக்கே வலிக்கிறது. பயம் இன்னும் கூடுகிறது. வெளியே போவது, நண்பர்களைப் பார்ப்பது எல்லாம் குறைய, மனச்சோர்வு சேர்ந்துகொள்கிறது. மனம் சோர்ந்து, தூக்கமும் கெட்டால் அதே வலி இன்னும் அதிகமாகத் தெரியும். நாள்பட்ட வலியை ஆராய்பவர்கள் இதை ‘பயமும் தவிர்ப்பும்’ சேர்ந்த சுழற்சியாக விளக்குகிறார்கள்.

பிசியோதெரபிஸ்ட் என்ன செய்கிறார்?

பிசியோதெரபி என்றாலே பலருக்கும் ‘கரன்ட் வைக்கிற இடம்’தான் நினைவுக்கு வரும். அது தற்காலிக நிவாரணம் தரலாம். ஆனால், நாள்பட்ட வலியில் முக்கியமான சிகிச்சை, படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சிதான்.

குனியப் பயப்படுபவரை முதல் நாள் பாதி தூரம் மட்டும் 5 முறை குனியச் சொல்வார். அடுத்த வாரம் 8 முறை. பிறகு கையில் சிறிய எடை. ‘குனிஞ்சா முதுகு போயிடும்’ என்று நம்பியவர், குனிந்தும் ஒன்றும் ஆகவில்லை என்பதைத் தன் உடம்பிலேயே பார்க்கிறார். தசை பலமாகும்போதே பயமும் குறைகிறது. மனசுக்குக் கிடைக்கும் முதல் லாபம் இதுதான்.

உடற்பயிற்சிக்கு மனச்சோர்வு குறையுமா?

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 1999-ல் வெளியானது. மனச்சோர்வு நோய் இருந்த, 50 வயதைக் கடந்த 156 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி, இன்னொன்றுக்கு செர்ட்ரலின் மாத்திரை, மூன்றாவதுக்கு இரண்டும். மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத் தொடக்கத்தில் பலன் வேகமாகத் தெரிந்தது. ஆனால் 16 வாரங்களின் முடிவில் மூன்று குழுக்களும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தன.

இதை வைத்து ‘மாத்திரையே வேண்டாம்’ என்று முடிவு செய்யக் கூடாது. அவர்கள் செய்தது மேற்பார்வையோடு கூடிய, வாரம் 3 நாள் பயிற்சி. மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

எல்லாம் எண்டார்ஃபின் வேலையா?

ஓடி முடித்ததும் வரும் உற்சாகத்துக்கு எண்டார்ஃபின்தான் காரணம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால், ரத்தத்தில் இருக்கும் எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. ஜெர்மனியில் நடந்து 2021-ல் வெளியான ஓர் ஆய்வில், எண்டார்ஃபின் வேலை செய்யும் வழியை மருந்தால் அடைத்த பிறகும் ஓடியவர்களுக்கு அந்த உற்சாகம் வந்தது. உடம்பே சுரக்கும் எண்டோகன்னாபினாய்டுகள் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஆழ்ந்த தூக்கம், நாலு பேரைப் பார்ப்பது, ‘நம்மால முடியுது’ என்ற நம்பிக்கை ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு.

எவ்வளவு செய்தால் போதும்?

பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும், 2 நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். பேச முடியும், பாட முடியாது என்ற வேகத்தில் நடந்தால் அது மிதமானது. ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. பஸ் ஸ்டாப்புக்கு வேகமாக நடக்கும் 10 நிமிடமும் கணக்கில் வரும்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

கை, கால் மரத்துப்போவது அல்லது பலம் இழப்பது, சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது, வலியோடு காய்ச்சல் ஆகியவை இருந்தால் பயிற்சி வேண்டாம், உடனே டாக்டரிடம் போங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416-ஐ 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

அடுத்த முறை பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்கும்போது, வலி எங்கே என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ‘தூக்கம் வரல, எதிலும் மனசு ஒட்டல’ என்பதையும் சொல்லுங்கள். உங்களுக்கான பயிற்சியைத் திட்டமிட அந்தத் தகவலும் அவருக்குத் தேவை.