கதவைச் சாத்தினோம், போனைச் சாத்தினோமா?

ராத்திரி படுக்கப் போகுமுன் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்க்கிறோமே, அதை யாரும் நமக்குப் பாடமாகச் சொல்லித் தரவில்லை. காஸை மூடினோமா, கொல்லைக் கதவுக்குத் தாழ் போட்டோமா, பாலுக்கு உறை ஊற்றினோமா என்று கையும் காலும் தாமாகவே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடும். அத்தனையும் முடித்த பிறகு செல்போனைச் சார்ஜில் சொருகிவிட்டுப் படுத்துவிடுகிறோம். அந்தப் போனுக்குள் என்னென்ன இருக்கின்றன என்று ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். வங்கிக் கணக்கு, ஆதார் அட்டை, நகைக்கடன் ரசீதின் படம், குழந்தையின் பள்ளி அடையாள அட்டை, ஓரகத்தியைப் பற்றித் தங்கையிடம் புலம்பியது உட்பட! பீரோவில் கூட நாம் இவ்வளவை ஒரே இடத்தில் வைத்ததில்லை.

இதெல்லாம் கம்ப்யூட்டர் படித்தவர்கள் சமாச்சாரம் என்று ஒதுங்கிக் கொள்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை. நம்மிடம் வருகிற திருடன் பெரிய கம்ப்யூட்டர் வித்தை எதையும் காட்டுவதில்லை. நம்முடைய அவசரம், பயம், கேட்டவருக்குப் பதில் சொல்லிவிடும் மரியாதை, இவற்றைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வருகிறான். காஸை மூடுவது போல நாலைந்து பழக்கங்கள் கையில் படிந்துவிட்டால் அவன் பாடு கஷ்டம்தான்.

ஓ.டி.பி. விஷயத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டு மாமி ஒரு நாள் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஏம்மா, டி.வி.யிலே ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதே, சொல்லாதேன்னு தினமும் கத்தறா. வாசல்லே சிலிண்டர் போடறவன் வந்து நின்னுண்டு, 'நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கம்மா'ங்கறான். நான் யார் பேச்சைக் கேக்கறது?"

மாமி கேட்டது நியாயமான கேள்வி. 2020 நவம்பரிலிருந்து சிலிண்டர் வாங்கும்போது 4 இலக்க எண் சொல்லும் முறை வந்துவிட்டது. பார்சல் கொண்டு வருகிறவரும் கேட்கிறார், ஆட்டோக்காரரும் கேட்கிறார். வாரத்தில் மூன்று நாள் நம்பர் சொல்லிச் சொல்லி நம் வாய்க்குப் பழகிவிட்டது. நாலாவது நாள் ஒருவன், "உங்கள் வங்கிக் கணக்கைப் புதுப்பிக்கிறோம் மேடம், இப்போது ஒரு நம்பர் வரும்" என்றால், அதையும் அதே பழக்கத்தில் சொல்லிவிடுகிறோம். ஆகையால் 'யாருக்கும் சொல்லாதே' என்ற வெறும் உபதேசம் போதாது.

மாமிக்கு நான் சொன்னது இதுதான். நம்பரை மட்டும் பார்க்காதீர்கள். அது வந்த செய்தியை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படியுங்கள். இது எதற்கான எண், எத்தனை ரூபாய்க்கு, யாருக்குப் போகிறது என்று பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும். சிலிண்டர் எண்ணென்றால் சிலிண்டர் கண்ணெதிரே நிற்க வேண்டும்; பார்சல் எண்ணென்றால் பார்சல் கைக்கு வந்திருக்க வேண்டும். வங்கியிலிருந்து வந்த எண்ணென்றால், அதை வாங்கிக்கொள்ள இந்த உலகத்தில் ஒரு மனுஷருக்கும் உரிமை கிடையாது, மானேஜர் உள்பட. இங்கிலீஷில் வந்திருக்கிறது, படிக்க வரவில்லையா? பிள்ளை ஸ்கூலிலிருந்து வரும்வரை காத்திருக்கலாம். குடி முழுகிப் போய்விடாது.

இதோடு சேர்ந்த இன்னொன்று, பணம் அனுப்பும் செயலியின் ரகசிய எண். பழைய கட்டிலை விற்க விளம்பரம் கொடுக்கிறோம். ஒருவன் பேரமே பேசாமல் ஒத்துக்கொண்டு, "ராணுவத்தில் இருக்கிறேன், நேரில் வர முடியாது. ஒரு படம் அனுப்புகிறேன், ஸ்கேன் செய்து எண்ணைப் போடுங்கள், பணம் வந்துவிடும்" என்கிறான். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. எண்ணைப் போட்டால் பணம் நம்மிடமிருந்து போகும். பேரம் பேசாமல் பழைய கட்டில் வாங்குகிறவனைப் பார்த்தாலே சந்தேகம் வரவேண்டாமா, அது வேறு விஷயம்!

அவசரமும் பயமும்

"உங்கள் மின் கட்டணம் செலுத்தப்படவில்லை. இன்றிரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும். உடனே இந்த அதிகாரியைத் தொடர்பு கொள்ளவும்." மின்வாரியத்தின் பெயரைப் போட்டு இப்படிப் பொய்ச் செய்தி பல வீடுகளுக்கு வந்திருக்கிறது. அது வரும் நேரத்தைக் கவனித்தீர்களா? சாயங்காலம். இட்லிக்கு ஊறப்போட்டது ஒரு பக்கம், வீட்டுப் பாடம் எழுத மாட்டேனென்று அடம் பிடிக்கும் குழந்தை ஒரு பக்கம். ஆபீஸ் மூடியிருக்கும், விசாரிக்க முடியாது. ராத்திரி மின்விசிறி இல்லாமல் கைக்குழந்தை எப்படித் தூங்கும் என்ற ஒரே கவலையில் விரல் அந்த நம்பரை அழுத்திவிடும். மறுமுனையில் பேசுகிறவன் ரொம்ப மரியாதையாக, ஒரு செயலியை இறக்கச் சொல்வான். அது இறங்கியதும் நம் போன் திரையில் தெரிவதெல்லாம் அவனுக்கும் தெரியும்.

வீடியோவில் போலீஸ் உடுப்போடு வந்து, "உங்கள் பெயரில் போதைப் பொருள் பார்சல் வந்திருக்கிறது. உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், காமிராவை விட்டு நகரக் கூடாது" என்று மிரட்டுவதும் இதே ரகம்தான். அப்படி ஒரு கைதே சட்டத்தில் இல்லையென்று 2024 அக்டோபர் 27-ந் தேதி பிரதமரே தம் வானொலி உரையில் சொல்லியிருக்கிறார். தனியாக இருக்கும் பெரியவர்களைத்தான் இது ரொம்பவும் ஆட்டி வைக்கிறது. ஊரிலிருக்கும் அம்மா அப்பாவுக்கு அடுத்த முறை போன் செய்யும்போது, மருந்து சாப்பிட்டாச்சா என்று கேட்ட கையோடு இதையும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

இதற்கெல்லாம் பழக்கம் ஒன்றே ஒன்று. தேடி வந்த அழைப்பிலேயே எந்தக் காரியத்தையும் முடிக்காதீர்கள். "சரி, பார்க்கிறேன்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். மரியாதைக் குறைவாயிற்றே என்று நினைக்க வேண்டாம். பிறகு நீங்களாகவே கூப்பிட்டு விசாரியுங்கள். வங்கியானால் பாஸ் புத்தகத்திலோ கார்டின் பின்புறத்திலோ உள்ள எண், மின்சாரமானால் பழைய ரசீதிலுள்ள எண். கூகிளில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்ணை நம்ப வேண்டாம். அங்கேயும் போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். வங்கிகளின் இணைய முகவரிகள் 2025 அக்டோபர் முடிவதற்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும்படி மாற வேண்டுமென்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. லிங்க்கைத் தொடுமுன் அந்த வாலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்யாணப் பத்திரிகை கூட இப்போது சந்தேகத்துக்குரியதாகிவிட்டது! வாட்ஸ்அப்பில் வருகிறது, யார் வீட்டுக் கல்யாணமோ என்று தொடுகிறோம். உண்மையான பத்திரிகை படமாகவோ, பி.டி.எஃப். ஆகவோதான் இருக்கும். பெயரின் கடைசியில் ஏ.பி.கே. என்று மூன்று ஆங்கில எழுத்துக்கள் இருந்தால் அது பத்திரிகையல்ல, போனுக்குள் குடியேற வந்த ஒரு செயலி. உள்ளே வந்ததும் நமக்கு வரும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும், கொடுத்தால் ஓ.டி.பி.யை நம்மைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளும். தொட்டுத் தொலைத்தாயிற்றா? உடனே இன்டர்நெட்டை அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட வேண்டும்.

அத்தை பெண்ணோ, பழைய சிநேகிதியோ, "தெரியாமல் உன் நம்பருக்கு ஒரு 6 இலக்க எண்ணை அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்பு" என்று கேட்டாலும் அனுப்பாதீர்கள். அது உங்கள் வாட்ஸ்அப்பைத் திறக்கும் சாவி. கேட்பது அவளாக இருக்க முடியாது. அவள் கணக்கை ஏற்கெனவே பறித்துக்கொண்டவன்தான் கேட்கிறான். வாட்ஸ்அப் அமைப்புகளில் 'இரண்டு படிச் சரிபார்ப்பு' என்று ஒன்று இருக்கிறது. அதில் உங்களுக்கு மட்டும் தெரிந்த 6 இலக்க எண்ணைப் போட்டு வைத்தால் அவனால் சுலபத்தில் உள்ளே வர முடியாது. இரண்டு நிமிஷ வேலை.

ஜெராக்ஸ் கடையில்

ஆதார் நகல் எடுக்கக் கடைக்குப் போகிறோம். கடைக்காரர், "இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணுங்கம்மா" என்கிறார். அனுப்புகிறோம். நகல் கைக்கு வந்தது, 5 ரூபாய் கொடுத்தோம், வீட்டுக்கு வந்துவிட்டோம். அந்தப் படம்? அந்தக் கடைப் போனிலேயே உட்கார்ந்திருக்கிறது. கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். அந்தப் போன் நாளைக்கு யார் கைக்குப் போகுமோ? கூடிய வரையில் அட்டையைக் கையோடு கொண்டு போய் எதிரில் நின்று நகல் எடுத்துக்கொள்வதே மேல். நகலின் மேல் இன்ன காரியத்துக்கு, இன்ன தேதி என்று குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது நம் பெரியவர்களிடமிருந்து வந்த நல்ல பழக்கம். முழு எண் தேவைப்படாத இடங்களுக்கு, முதல் 8 எண்களை மறைத்து கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் ஆதாரை ஆணையத்தின் இணையதளத்திலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். நம் கைரேகையை யாரும் தவறாக உபயோகிக்காதபடி பூட்டி வைக்கும் வசதியும் அங்கேயே உண்டு.

சில கடைகளில் நம் வாட்ஸ்அப்பையே அவர்கள் கம்ப்யூட்டரில் திறக்கச் சொல்கிறார்கள். திறந்துவிட்டு மூடாமல் வந்தால், நம் பேச்செல்லாம் அங்கே ஓடிக்கொண்டிருக்கும். 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தில் போய்ப் பார்த்தால் எங்கெங்கே திறந்திருக்கிறது என்று தெரியும். தெரியாததை அங்கேயே வெளியேற்றிவிடலாம். மாதத்துக்கொரு முறை, மளிகைக் கணக்குப் பார்க்கும் அன்றைக்கு இதையும் பார்த்துவிட்டால் ஞாபகமாக இருக்கும். துணிக்கடை அதிர்ஷ்டக் குலுக்கல் சீட்டில் பிறந்த தேதியும் போன் நம்பரும் எழுதிப் போடும் ஆசையையும் விட்டுவிடலாம். எனக்குத் தெரிந்து யாருக்கும் அந்தக் கார் விழுந்ததில்லை.

சிறு குழந்தைகள் உள்ள தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. குழந்தையின் படத்தைப் போட வேண்டாமென்று நான் சொல்லவில்லை. பெற்ற மனசு, போடத்தான் தோன்றும். ஆனால் குளிப்பாட்டும் படம் நம் வீட்டோடு இருக்கட்டும். பள்ளிச் சீருடையும் பாட்ஜும் தெரிய எடுத்த படம், பெயர், பிறந்த நாள், 'தினமும் 4 மணிக்கு வேனுக்குக் காத்திருக்கும் செல்லம்' என்ற வரி, இவ்வளவும் சேர்ந்தால் முகம் தெரியாத ஒருவன் குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "அம்மாதான் அனுப்பினாங்க" என்று சொல்லப் போதுமானது. குழந்தையின் பெயரோடு பிறந்த வருஷத்தைச் சேர்த்துக் கடவுச்சொல் வைப்பதும் இதனால்தான் ஆகாது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று நாலு சொற்களைக் கோத்து வையுங்கள். நமக்கு மறக்காது, பிறரால் ஊகிக்க முடியாது. குடும்பத்தோடு திருப்பதி போகிற சந்தோஷத்தை ஸ்டேட்டஸில் போடுவதானால், திரும்பி வந்து வீட்டைத் திறந்த பிறகு போடலாமே.

போய்விட்டால்?

எங்கள் தெருவில் ஒரு பெண், தையல் வேலை செய்து சிறுகச் சிறுகச் சேர்த்தவள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த மின்சாரச் செய்தி வந்து, கணக்கிலிருந்த 38,000 ரூபாயும் போய்விட்டது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வாயைத் திறக்கவில்லை. வழக்கம் போலச் சமைத்தாள், பரிமாறினாள். திங்கட்கிழமை என்னிடம்தான் முதலில் அழுதாள். "அவர் திட்டுவாரேன்னு பயமாயிருந்துச்சுக்கா. 'உனக்கெதுக்குப் போன்'னு பிடுங்கி வச்சுருவாரு."

எனக்குப் பணம் போனதைவிட இந்த வார்த்தைதான் அதிகம் வலித்தது. ஏனென்றால் அந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரம்தான் முக்கியம். திருடியவன் பணத்தை ஒரே கணக்கில் வைத்திருக்க மாட்டான். ஒன்றிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து வேறொன்று என்று நகர்த்திக்கொண்டே போய்க் கடைசியில் ரொக்கமாக எடுத்துவிடுவான். 1930 என்ற எண்ணைக் கூப்பிட்டுச் சொன்னால், பணம் போன வழியிலுள்ள வங்கிகளுக்குத் தகவல் போய், எந்தக் கணக்கில் தங்கியிருக்கிறதோ அங்கேயே அதை நிறுத்தி வைக்க முயற்சி செய்வார்கள். நிறுத்திய பணம் அன்றைக்கே கைக்கு வந்துவிடாது, அதற்கு நடைமுறை உண்டு. ஆனால் நிறுத்தினால்தானே திரும்பி வருவதைப் பற்றிப் பேச முடியும்? அந்தப் பெண் கூப்பிட்டபோது மூன்றாவது நாள். நிற்பதற்கு அங்கே எதுவும் மிச்சமிருக்கவில்லை.

அவள் கணவரிடம் நானே பேசினேன். கெட்டவரல்ல, முன்கோபி. "தம்பி, அன்னைக்கே உங்ககிட்டே சொல்ற தைரியம் அவளுக்கு இருந்திருந்தா ஒருவேளை பாதியாவது நின்னிருக்கும்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. போனைப் பிடுங்கவும் இல்லை.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் சகோதரிகள், வீட்டிலுள்ள ஆண்களிடமும் காலேஜ் போகும் பெண்களிடமும் இதை இன்றைக்கே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். யாருக்கு ஏமாற்றம் நடந்தாலும் முதலில் 1930, அப்புறம் வங்கி, திட்டுவதெல்லாம் மறுநாளைக்கு. படத்தை மாற்றி ஒட்டி மிரட்டுகிறான் என்று ஒரு பெண் பிள்ளை வந்து சொன்னாலும் இதே ஒழுங்குதான். அவனுக்குப் பணம் அனுப்பக் கூடாது, செய்திகளை அழிக்கக் கூடாது, அவையே சாட்சி. 2019-லிருந்து இதற்கென்றே மத்திய அரசின் சைபர் குற்ற இணையதளம் இயங்குகிறது. பணம் போன புகாரானால், செய்தியில் உள்ள பரிவர்த்தனை எண், தேதி, நேரம், தொகை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு பேசினால் வேலை சீக்கிரம் நடக்கும். புகார் எண்ணை வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு யாராவது தாமாகவே கூப்பிட்டு, "போன பணத்தை மீட்டுத் தருகிறேன், கட்டணம் இவ்வளவு" என்றால், அவனும் அதே கூட்டத்து ஆள்தான்.

1930-ஐ நான் காலண்டர் அட்டையில், சிலிண்டர் புக்கிங் நம்பருக்குக் கீழே, ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதி மாட்டியிருக்கிறேன். போனே தொலைந்து போனால் போனுக்குள் எழுதி வைத்ததை எங்கே போய்த் தேடுவது? தையல்காரப் பெண் வந்து பார்த்துவிட்டு, தன் மெஷின் மேஜை மேலும் சாக்பீஸால் எழுதிக்கொண்டாள்.