மூக்கு உறங்கும் நேரம்

2024 செப்டம்பர் 12, விடியற்காலை. மதுரை கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் ஃபிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்தது; புகை சூழ்ந்து, தூங்கிக்கொண்டிருந்த பெண்களில் சிலர் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 12 இரவு, திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனை தீப்பிடித்தபோது லிஃப்டுக்குள் சிக்கிய ஆறு பேர் மூச்சுத்திணறி மாண்டார்கள். தீ நெருங்குவதற்குள் புகை வந்துவிடுகிறது. கருகல் வாடை எழுப்பிவிடும் என்று நம்பிப் படுக்கிறோம். ஆழ்ந்த உறக்கத்தில் மூக்கை நம்ப முடியாது, காதுதான் கைகொடுக்கும். அதனால் புகை அலாரம் படுக்கும் இடத்துக்கு உரிய பொருள் என்கிறேன்.

நம் வீடுகள் காற்றோட்டமானவை, இதெல்லாம் எதற்கு என்பார்கள். முற்றமும் திண்ணையும் இருந்த வீட்டுக்கு அது சரி. இன்று ஏசி போட்டு, ஜன்னலை அடைத்து, கதவிடுக்கில் துணியும் செருகித்தான் தூங்குகிறோம். தாளிப்புக்கும் சாம்பிராணிக்கும் அலறுமே என்பது நியாயமான கவலை. அதனால்தான் அதை அடுப்படியிலும் பூஜையறையிலும் மாட்டக்கூடாது. படுக்கையறையிலும் அதற்கு வெளியேயும், கூரையில் மாட்ட வேண்டும். ஒளியால் புகையை உணரும் வகையைக் கேட்டு வாங்குங்கள். அதனுள் இருட்டறையில் ஓடும் ஒளிக்கற்றை, புகைத்துகள் பட்டதும் சிதறி அலாரத்தை எழுப்பும். மெத்தைப் பஞ்சு போலக் கனன்று புகைவதை இது சீக்கிரம் கண்டுகொள்ளும். பெட்டியில் ஈஎன் 14604 அல்லது யூஎல் 217 என்ற தர எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனம், தரையோடு பரவும். அதற்கான கருவி வேறு, மாட்டும் இடமும் தாழ்வு.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றும். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் கரியடுப்பின் புகை சூழ்ந்த அறையில் தூங்கிய இரண்டு இளைஞர்கள் எழவேயில்லை. புகை அலாரம் இந்த வாயுவை அறியாது. ஜெனரேட்டரோ கரியடுப்போ புழங்கும் வீட்டுக்குத் தனிக் கருவி வேண்டும்.

ஒருமுறை மாட்டினால் ஆயுசுக்கும் போதும் என்ற எண்ணம்தான் எனக்குப் பெரிய அச்சம். நம்மூர்ப் புழுதியும் சிறு பூச்சிகளும் உள்ளே படிகின்றன, உணர்கருவியும் தேய்கிறது. பின்பக்கத்தில் தயாரித்த தேதி இருக்கும். அதிலிருந்து 10 ஆண்டில் புகை அலாரத்தை மாற்றிவிட வேண்டும். கார்பன் மோனாக்சைடு கருவிக்கு மாடலைப் பொறுத்து அதைவிடக் குறையலாம். மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திப் பார்ப்பது நல்லது, ஆனால் அலறுகிறது என்பதற்காகப் பழையதை வைத்துக்கொள்ளாதீர்கள். பேட்டரி தீரும்போது விட்டுவிட்டுக் கீச்சிடும்; தூக்கம் கெடுகிறதென்று பேட்டரியைப் பிடுங்கி எறிவதுதான் ஆபத்து. வாடகை வீடென்று தயங்கவும் வேண்டாம். இரண்டு திருகாணிதான், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.